தேவகி அக்கா வைத்த எண்ணெய்ச் சட்டி

அன்று காலை செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து கடை வாசலில் இறங்கியபோது ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே யாரும் போகவில்லை. எல்லோரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் குமார் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "தேவகி அக்கா வரமாட்டாங்கம்மா" என்றான். "லீவா? எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்று கோபமாகக் கேட்டேன். லீவு போடுவதென்றால் முதலில் எனக்குத்தான் அக்கா சொல்வார். குமார் அழ ஆரம்பித்துவிட்டான். "பால் வாங்கினு வந்து அடுப்புமேல வெச்சாங்களாம்மா. அப்படியே உக்காந்துட்டாங்களாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

நான் அவனோடு சண்டை போட்டேன். முந்தின நாள் மாலை இதே வாசலில்தான் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தறியில இருக்கிற சேலை இன்னும் கொஞ்சம்தான். ஞாயித்துக்கிழமை அறுப்பு. வந்துடு பில்லு, பீர்க்கங்காய் வாங்கி வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பீர்க்கங்காய் வாங்கி வைக்கிறேன் என்றவர் எப்படிப் போவார் என்று குமாரிடம் கேட்டேன். 

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் நான் பில் போடுகிறவள். அதனால் எனக்குப் பெயரே பில்லு என்றாகிவிட்டது. வைத்தவர் தேவகி அக்கா. அவருக்கு மடிப்புப் பிரிவு. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டு, மேலே சார்த்திப் பார்த்து, வேண்டாம் என்று ஒதுக்கிய சேலைகளையெல்லாம் பழையபடி மடித்து அடுக்குவது அவர் வேலை. நாளெல்லாம் பட்டிலேயே கை இருக்கும். அதனால் கடையில் எண்ணெய்ப் பண்டம் எதையும் தொடமாட்டார், மற்றவர்களையும் தொட விடமாட்டார். மதியச் சோற்றுக்கு அப்பளம் கொண்டுவந்த பெண்ணைக்கூடக் கை கழுவவைத்து, கையை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்.

ஒரு முகூர்த்த சீசனில் தாமல் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வேன் நிறைய வந்தார்கள். வழியில் வாங்கிய பஜ்ஜிப் பொட்டலம் ஆளுக்கொன்று கையில். காகிதம் முழுக்க எண்ணெய் ஊறியிருந்தது. முதலாளி கல்லாவில் உட்கார்ந்து நெளிகிறார். பெரிய வியாபாரம், வாயைத் திறக்க முடியவில்லை. அக்கா எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். "சேலையா பஜ்ஜியா, ஒண்ண முடிவு பண்ணிக்கினு உள்ள வாங்க" என்றார். மணப்பெண்ணின் அத்தை முறைத்தாள். அக்கா அசையவில்லை. "ஒரு சொட்டு பட்டுல பட்டுதுன்னா சாவுற வரைக்கும் போவாதும்மா. உங்க பொண்ணு கல்யாணச் சேலையில வேற ஒருத்தி பஜ்ஜி வாசனை அடிச்சா நல்லாவா இருக்கும்?" கூட்டமே சிரித்துவிட்டது. வெளியே நின்று தின்று, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அன்று கடையில் நல்ல வியாபாரம்.

இப்படிக் கடையில் பஜ்ஜிக்கு எதிரியாக இருந்தவர் வீட்டில் போட்ட பஜ்ஜியைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

அவர் கணவர் சம்பந்தம் மாமா நெசவாளி. வீட்டின் முன் அறை முழுக்கத் தறிதான். அதை ஒட்டினாற்போல் அடுப்படி, நடுவில் ஒரு பாதிச் சுவர். பாவு நூல் தறியில் ஏறிவிட்டால் சேலை முடிந்து அறுக்கிறவரை அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்று அக்கா ஒரு சட்டம் போட்டிருந்தார். எண்ணெய்ப் புகை பட்டில் படிந்தால் பளபளப்புப் போய்விடும் என்பார். அவர் பிறந்த வீட்டிலும் அப்படித்தானாம். "மத்த வீட்டுல தீபாவளி வந்தா பலகாரம். எங்க வீட்டுல அறுப்பு வந்தாதான் பலகாரம்" என்று சொல்வார். சேலையை அறுத்து, மடித்து, கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த அன்று அந்த வீட்டில் சட்டி காயும். எனக்கும் அழைப்பு வரும்.

அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்தால் வாழைக்காயை ஒரே மாதிரி மெலிசாக நீளவாக்கில் சீவி வைப்பார். கடலைமாவில் கொஞ்சம் அரிசிமாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம், காய்ந்த எண்ணெய் ஒரு கரண்டி. சோடா உப்பு என்று நான் ஒருமுறை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "சோடா போட்டா ஊதிக்கும். ஊதினதெல்லாம் பஜ்ஜி இல்லடி, கட்டி" என்றார். நானும் மாமாவும் தின்றுகொண்டே இருப்போம். அவர் போட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் ஜல்லிக்கரண்டியால் எண்ணெயை அரித்து, அதில் சேர்ந்த மாவுத் தூளை ஒரு கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு வந்து உட்காருவார். அதுதான் அவர் பங்கு. முழுசாக ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், "போட்டவளுக்கு வாசனையிலயே வயிறு ரொம்பிடும்" என்பார். நாங்களும் நம்பினோம்.

இனி, உங்களில் பலர் அவரை எதற்காக நினைத்துக்கொண்டிருப்பீர்களோ, அதற்கு வருகிறேன்.

சாவு விழுந்த வீட்டில் காரியம் முடிகிறவரை எண்ணெய் காய்ச்சமாட்டார்கள். தாளிப்பதுகூட இல்லை. காரியம் முடிந்ததும் உறவில் ஒருத்தி வந்து, அந்த வீட்டு அடுப்பிலேயே சட்டி வைத்து, போனவருக்குப் பிடித்ததைப் பொரித்து, முதலாவதைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வீட்டு மனிதர்களுக்குக் கொடுப்பாள். அதைத் தின்றால் துக்கம் முடிந்தது, மறுநாள் வேலையைப் பார்க்கலாம் என்று கணக்கு. எங்கள் பக்கத்துப் பழக்கம் இது. உறவு உள்ள வீட்டுக்கு இது சாதாரணம். உறவு இல்லாத வீட்டில் யார் வைப்பது? தேவகி அக்கா வைப்பார்.

எங்கள் கடைக் காவலாளி ஒருவர் வெளியூர்க்காரர். அவர் மனைவி இறந்தபோது ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. காரியம் முடிந்தும் அந்த மனிதர் வெறும் ரசஞ்சோறாகத் தின்றுகொண்டு தரையைப் பார்த்தபடியே வேலைக்கு வந்தார். அக்கா ஒரு பையில் மாவும் எண்ணெயும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் கூடப் போனேன். அந்தத் தெருப் பெண்மணி ஒருத்தி வாசலிலேயே நிறுத்தி, "நீ இன்னா ஒறவு? ஒறவுமொறக்காரங்க இல்ல வைக்கணும்?" என்றாள். அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சட்டிக்குத் தெரியுமாம்மா யாரு ஒறவுன்னு? காஞ்சா பொரிக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பொரிக்கும்போது உப்புப் பார்க்கமாட்டார். போனவருக்கு வைக்காமல் நாம் வாயில் போட்டுப் பார்த்தால் எச்சிலாகிவிடும். கண்திட்டத்தில்தான் உப்பு. "சரியில்லன்னா இன்னா பண்ணுவீங்க?" என்று திரும்பி வரும்போது கேட்டேன். "போனவங்க வந்து திட்டட்டும். அந்தச் சாக்குலயாவது ஒருவாட்டி வரட்டுமே" என்றார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு என் வீட்டுக்கே அவர் வர வேண்டியதாயிற்று.

நாங்கள் இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். பிள்ளையும் இல்லை. என் கணவர் மாரடைப்பில் போனபோது இரு பக்கத்திலிருந்தும் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. காரியத்தை எங்கள் கடை ஆட்கள்தான் முன்நின்று செய்தார்கள். அது முடிந்தும் நான் வாய் திறக்கவில்லை. அழவும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அக்கா வந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. நேராக அடுப்படிக்குப் போனார். எண்ணெய் காயும் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டைக் கொண்டுவந்து என் கணவர் படத்துக்கு முன்னால் வைத்தார். பார்த்தால் கத்திரிக்காய் பஜ்ஜி.

என் கணவருக்குக் கத்திரிக்காய் என்றால் ஆகவே ஆகாது. வீட்டில் வாங்கினாலே அன்று முழுக்க முணுமுணுப்பார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. "அவருக்குக் கத்திரிக்காய் ஆவாதுக்கா! யாரைக் கேட்டு வெச்சீங்க? எடுங்க அத!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். அக்கா பதறிப்போய்விட்டார். "ஐயோ, தெரியாமப் போச்சேடி! கடையில இன்னிக்குக் கத்திரிக்காய்தான் பிஞ்சா இருந்திச்சி" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கத்தின வேகத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுது முடிக்கிறவரை என் எதிரே உட்கார்ந்து அந்தக் கத்திரிக்காய் பஜ்ஜி முழுவதையும் அவரே தின்று தீர்த்தார். முழு பஜ்ஜியை அவர் தின்று நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பிறகு வாழைக்காய் வாங்கிவந்து புதிதாக மாவு கரைத்தார்.

அன்று கிளம்பும்போது வாசலில் நின்று ஓர் ஒப்பந்தம் பேசினார். "நீ முந்திக்கினா நான் வந்து வெக்கிறேன். உனக்கு மொளகா பஜ்ஜி, எனக்குத் தெரியும். நான் முந்திக்கினா நீ வந்து வெச்சிடு." என்னைவிட வயதில் மூத்தவர்தான், ஆனாலும் நான்தான் முதலில் போவேன் என்று எனக்கு உறுதியாக இருந்தது. சரி என்றேன்.

இப்போது அவர் முந்திக்கொண்டார்.

காரியம் முடிந்த மறுநாள் மாவு, எண்ணெய் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். உறவுக்காரப் பெண்கள் நாலைந்து பேர் ஏற்கெனவே வந்து, சட்டி வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாமா விடவில்லை. தறியில் இன்னும் கொஞ்சமே மிச்சமிருந்த சேலை அப்படியே நின்றது. அரக்கு நிறம், பச்சைக் கரை. "சேலை அறுக்கலியேம்மா. அறுக்காம எப்படிச் சட்டி வெக்கிறது? அவ திட்டுவா" என்றார் என்னிடம். ஊரில் யார் யாருக்கோ வைத்தவளுக்கு அவள் வீட்டிலேயே வைக்கவில்லையென்றால் எப்படி என்று ஒரு பெரியம்மா எடுத்துச் சொன்னாள். அவர் வேண்டாமென்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

சேலையை நெய்து முடித்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது கோர்வைச் சேலை. உடலும் கரையும் வேறு வேறு நிறம். ஒரு பக்கத்துக் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ள நெய்கிறவரின் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். கடைக்கு வருவதற்கு முன்னும் போன பின்னும் மாமா பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ளியது அக்காதான். அந்த இடத்தில் ஒரு பழைய தலையணை போட்டிருந்தது. அவர் உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் குழிந்திருந்தது. வேறு ஓர் ஆளை உட்காரவைத்து முடித்துவிடலாம் என்று தெருக்காரர் ஒருவர் சொன்னார். மாமா அந்தத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். 

ஆக, அவர் இல்லாமல் சேலை முடியாது. சேலை முடியாமல் சட்டி வைக்க முடியாது. சட்டி வைக்காமல் அந்த வீட்டில் துக்கம் முடியாது. அவர் போட்ட சட்டம் அவர் வீட்டையே இப்படிக் கட்டிப்போட்டிருந்தது. இந்த முடிச்சை அவிழ்க்கக்கூடிய ஒரே ஆள் படத்தில் மாலையோடு இருந்தார்.

கடைசியில் அவர்கள் மகள் அபிராமிதான் எழுந்தாள். பெங்களூரில் வேலை, மறுநாள் அவள் திரும்ப வேண்டும். பீரோவிலிருந்து அம்மாவின் நூல் சேலைகளை எல்லாம் எடுத்துவந்து தறிமேல் ஒவ்வொன்றாகப் போர்த்தினாள். "புகை படாதுப்பா. அம்மா சேலைதான் மேல இருக்குது. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டாங்க. நான் ஊருக்குப் போறதுக்குள்ள நீ ஒரு வாய் சாப்புடுப்பா" என்றாள். மாமா தறியைப் பார்த்தார். சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

"அவங்களுக்கு எது புடிக்கும் மாமா?" என்று கேட்டேன். முதலில் அதைத்தானே படத்துக்கு வைக்க வேண்டும். மாமா அபிராமியைப் பார்த்தார். அபிராமி என்னைப் பார்த்தாள். வாழைக்காயா, வெங்காயமா, உருளைக்கிழங்கா, ஞாயிற்றுக்கிழமைக்கென்று சொன்ன பீர்க்கங்காயா? மூன்று பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் மாமா, "தூள்தாம்மா தின்னுவா. தூளையே வெச்சிடு" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஒரு காயையும் தோய்க்காமல் வெறும் மாவை எண்ணெயில் சொட்டுச் சொட்டாக விட்டு எடுத்தேன். ஒரு கிண்ணம் தூள். அக்காவின் படத்துக்கு முன்னால் அதை வைத்தோம். காஞ்சிபுரத்தில் எத்தனை வீட்டு அடுப்படியில் நின்று பொரித்துப் போட்ட மனுஷிக்கு நாங்கள் வைக்கத் தெரிந்தது அவ்வளவுதான். அதன் பிறகு வாழைக்காய் போட்டேன். அபிராமி ஒன்றைப் பிட்டு அப்பா வாயில் ஊட்டினாள். அவர் மென்றார். அவளும் ஒன்று எடுத்துக் கடித்தாள். கடித்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள். நான் ஒரு துண்டை வாயில் போட்டேன்.

உப்பே இல்லை. குறைச்சல் இல்லை, சுத்தமாகவே இல்லை. கலங்கிய கண்ணோடு மாவு கரைத்ததில் உப்பு போடவே மறந்திருக்கிறேன்.

மாமா இன்னொன்று எடுத்துத் தின்றார். உறவுக்காரப் பெண்கள் ஆளுக்கொன்று தின்றார்கள். ஒருவர்கூட உப்பு என்ற சொல்லை எடுக்கவில்லை. நல்ல மனிதர்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போனவங்க வந்து திட்டட்டும் என்றாரே, வரட்டும் என்று நின்றேன். 'உப்பு எங்கடி, பில்லுல வரவு வெச்சிட்டியா' என்று ஒரே ஒரு வார்த்தை. எண்ணெய் ஆறி அடங்கியது. யாரும் வரவில்லை. யாரும் திட்டவில்லை.

வாரங்கள் போய்விட்டன. தறியில் அந்தச் சேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது, அக்காவின் சேலைகளைப் போர்த்திக்கொண்டு. மாமா அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பஜ்ஜி தின்றால் துக்கம் முடியும் என்ற கணக்கு எங்கள் விஷயத்தில் பொய்யாகிவிட்டது. கடையில் மடிப்புக்கு வேறு பெண் வந்திருக்கிறாள். நல்ல பெண்தான். அவள் மடிப்பதை நான் பார்ப்பதில்லை.

இனி இப்படிப்பட்ட வீடுகளுக்கு நீதான் போய்ச் சட்டி வைக்க வேண்டும், அதுதான் அக்காவுக்குச் செய்கிற மரியாதை என்று சிலர் என்னிடம் சொல்கிறார்கள். நான் போகமாட்டேன். முன்பின் தெரியாத வீட்டுக்குள் பையோடு நுழைகிற தைரியம் அவருடையது. அது அவரோடு போய்விட்டது. எனக்கு அது வராது.

மாமா அவருடைய ஜல்லிக்கரண்டியை என்னிடம் கொடுத்திருக்கிறார். அடுப்படி ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அதை எடுத்து நான் எதையும் பொரிப்பதில்லை. தேவகி அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தக் கரண்டியும், அவர் பங்கு நிறைவேறாமல் போன அந்த ஒப்பந்தமும்தான். என் பங்கை உப்பில்லாமலாவது செய்துவிட்டேன். அவர் பங்குக்கு இனி ஆள் இல்லை. எனக்குப் பிடித்தது மிளகாய் பஜ்ஜி என்று இந்த ஊரில் தெரிந்திருந்தது அவர் ஒருவருக்குத்தான்.